முத்துக்குளித்த கரையில் பிளாஸ்டிக் குருணை

மன்னார் என்றவுடன் நம்மவர் முத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவர். சிலாவத்துறையும் அரிப்பும் மரிச்சுக்கட்டியும் நம் சரித்திரப் புத்தகங்களில் இடம்பெற்றது முத்துக் குளிப்பினாலேயே. அந்த மன்னாரின் கரையில் 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வேறொரு வெண்மணி ஒதுங்கியது. அதை எவரும் மூழ்கி எடுக்கவில்லை. எவரும் விலை பேசவும் இல்லை. அது பிளாஸ்டிக் பொருள்கள் செய்வதற்கான மூலப்பொருட் குருணை.

அவ்வாண்டு மே 25ஆம் திகதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் லைபீரியக் கொடி தாங்கிய கப்பல், 640 கொள்கலன்களுடன் கேரளக் கடலில் மூழ்கியது. சிதறிய குருணையைச் சோளகக் காற்றும் நீரோட்டமும் குமரிமுனையைச் சுற்றிக் கொண்டுவந்தன. தனுஷ்கோடிக் கரையில் அது ஒதுங்கியது. பின்னர் மன்னாரிலும் ஒதுங்கியது. கடவுச்சீட்டுக் கேட்கும் எல்லைக்கோடு கழிவைத் தடுப்பதில்லை.

இலங்கைக்கு இது முதல் அனுபவம் அன்று. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பற்றி எரிந்து, அடுத்த மாதம் மூழ்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் குருணை கடலிலும் கரையிலும் பரவியது. உலகில் அதுவரை பதிவான இத்தகைய சிதறல்களில் அதுவே பெரியது என்பர். அக்கப்பலின் பெயரிலும் முத்து இருந்தது என்பதை எண்ணும்போது கசப்பாகத்தான் இருக்கிறது.

கப்பலைக் கட்டியவர்களிடம் உயர்ந்த பொறியியல் உண்டு. குருணையைச் செய்த ஆலைகளிலும் உயர்ந்த இரசாயனம் உண்டு. அக்குருணை மணலிற் கலந்தபின் அதை அகற்றும் கருவி எது? பெரும்பாலும் மனிதனின் கையும் சல்லடையும் வாளியுமே. இதன் பின்னுள்ள விஞ்ஞானம் எளியது. பொலியெத்திலீன் நீரினும் இலேசானது, மணல் கனமானது. இரண்டையும் நீரிலிட்டால் மணல் அடியிற் தங்கும், குருணை மிதக்கும். ஆனால் காய்ந்த கடற்பாசியும் சுள்ளியும் சேர்ந்து மிதக்கும். குருணையோ சில மில்லிமீற்றர் அளவே உடையது. கண் சிறுத்த சல்லடையில் மணல் அடைத்துக்கொள்ளும். கண் பெருத்த சல்லடையில் குருணை தப்பிவிடும். பெரிய இயந்திரத்தைக் கரையில் இறக்கினால் மணலில் வாழும் உயிர்களும் அதனோடு வாரப்படும். ஆகவே இந்தக் கரைக்குப் பொருத்தமான, இருவர் தூக்கிச் செல்லக்கூடிய, உள்ளூர்ப் பட்டறையிற் பழுது பார்க்கக்கூடிய கருவி ஒன்று வேண்டும். அதை ஆராய்ந்து செய்வது யார்? செலவை ஏற்பது யார்?

இக்கேள்விக்கு விடை தேட மன்னாரின் பழைய ஏடுகளையே சற்றுப் புரட்டுவோம்.

இக்கடலில் ஆராய்ச்சி நடந்ததே இல்லை என்று கூறமுடியாது. 1902ஆம் ஆண்டில், முத்துச்சிப்பிகள் ஏன் திடீர் திடீரென மறைந்துபோகின்றன என்று அறிய, ஆங்கிலேயப் பேராசிரியர் ஹேர்ட்மனைக் குடியேற்ற அரசாங்கம் வரவழைத்தது. உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை லண்டன் ரோயல் சொசைட்டி அவ்வாராய்ச்சியை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. பாரின் அடித்தளமும் சிப்பியின் வயதும் அதனுள் வாழும் ஒட்டுண்ணியும் நுணுகி ஆராயப்பட்டன. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபாய் வருமானம் கிடைத்தது. அடுத்த ஆண்டே பார்கள் ஒரு தனியார் கம்பனிக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம், 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி பொய்த்தது. குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பனியின் கதை முடிந்தது.

அதே காலத்தில் கரையில் நடந்தது என்ன? கோடிக்கணக்கான சிப்பிகள் கொட்டுகளில் குவிக்கப்பட்டு நாட்கணக்கில் அழுகவிடப்பட்டன. ஈயும் புழுவும் சதையைத் தின்றபின், எஞ்சியதைக் கடல்நீரிற் கழுவி முத்தைப் பொறுக்கினர். அந்த நாற்றத்தினிடையே பல்லாயிரவர் வாழ்ந்தனர். கொள்ளைநோய் பற்றிய அச்சம் முகாமைவிட்டு அகன்றதில்லை. சிப்பியின் உடலுக்குள் இருந்த புழுவைப் பூதக்கண்ணாடி கொண்டு தேடிய காலத்திலும், முத்தெடுக்கும் முறை பெரும்பாலும் அழுகவிட்டுக் கழுவும் பழைய முறையாகவே இருந்தது. விஞ்ஞானிகளை நாம் குறை கூறவில்லை. அவர்களுடைய உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் விஞ்ஞானம் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதைப் பணப்பை தீர்மானித்தது. வருமானம் கடலடியில் இருந்தது. ஆராய்ச்சியும் அங்கேயே சென்றது.

அப்படியானால் துப்புரவுக்காக ஆராய்ச்சி பிறப்பதே இல்லையா? பிறப்பதுண்டு. கடலுக்கு அப்பால் திருப்பூரைப் பார்ப்போம். அங்கே சாயப்பட்டறைகளின் உப்பும் சாயமும் நொய்யலாற்றைக் கெடுத்தன. பாசனத்துக்கென எழுப்பிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. வயலை இழந்த விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு துளிக் கழிவும் வெளியேறக்கூடாது என்ற நிலைக்குப் பட்டறைகள் வரவேண்டும் என ஆணையிட்டது. ஆணை நிறைவேறாமற்போகவே, 2011 ஜனவரியில் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி தீர்ப்பளித்தது. அதன் பின்னரே உப்புநீரை மீட்டு மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற் சோதிக்கப்பட்டுப் பரவியது. தனித்தனியே ஆய்வுகூடம் வைக்க வசதியற்ற சிறு பட்டறைகள், பொது நிலையத்தின் மூலம் அதைச் சாதித்தன.

இதில் வெற்றியை மட்டும் கூறுவது நேர்மையாகாது. செலவைத் தாங்கமுடியாத சிறியோர் தொழிலை விட்டனர்; தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். ஆடையை மலிவாக வாங்கிய வெளிநாட்டுக் கம்பனிகளோ அந்தச் செலவிற் பங்கேற்க முன்வரவில்லை.

ஐக்கிய அமெரிக்கா முதலாளித்துவத்தின் தலைநாடு. அங்கும் சந்தை தானாக இதைச் செய்யவில்லை. 1982ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, மத்திய அரசுத் துறைகள் வெளியாருக்கு வழங்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்க நேர்ந்தது. 0.2 வீதத்திற் தொடங்கிய அப்பங்கு, 2017இல் 3.2 வீதமாயிற்று. சுற்றாடல் பாதுகாப்புத் துறையும் அதில் ஒன்று. முதலிற் கருத்தைச் சோதிக்கச் சிறுதொகை. தேறினால் மாதிரிக் கருவி செய்யப் பெருந்தொகை. 500 பேர் வரை வேலை செய்யும் நிறுவனம் அங்கே ‘சிறியது’. பேசாலையில் இயந்திரம் திருத்தும் மூவர் பட்டறைக்கு நாம் என்ன பெயரிடுவது?

இந்த இரு உதாரணங்களும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. அழுக்காக்கியவனைக் கட்டாயப்படுத்தும் சட்டமும், சிறியவனின் அறிவுக்கென ஒதுக்கிய பொதுப்பணமும் சேர்ந்தாலன்றித் துப்புரவுக் கருவி பிறவாது. தூய கரையைக் கடையில் வாங்குவார் இல்லை. ஆதலால் அதற்குச் சந்தையும் இல்லை.

முதற்பாதி இலங்கையில் ஓரளவு நடந்திருக்கிறது. 2025 ஜூலை 24ஆம் திகதி உயர்நீதிமன்றம், எக்ஸ்பிரஸ் பேர்ள் அழிவுக்காக 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி கப்பற்றரப்புக்கு ஆணையிட்டது. மாசாக்கியவனே செலுத்தவேண்டும் என்னும் கொள்கை ஏட்டிலிருந்து தீர்ப்புக்கு ஏறியது. கப்பற் கம்பனியோ அத்தொகையைச் செலுத்தப்போவதில்லை என்று அதே ஆண்டு செப்டெம்பரில் அறிவித்துவிட்டது. தீர்ப்பைப் பணமாக்கும் போராட்டம் வேறு, தீர்ப்பைப் பெறும் போராட்டம் வேறு என்பதை உழைக்கும் மக்கள் நெடுங்காலமாக அறிவர்.

இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இத்தகைய நட்டஈடுகள் வந்துசேரும்போது, ஒரு பங்கு கரையோரப் பட்டறைகளுக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பாடசாலை ஆய்வுகூடங்களுக்கும் ஆராய்ச்சிப் பணமாகச் செல்லவேண்டும் என்கிறோம். எந்த மாதத்தில் எந்த நீரோட்டம் எதைக் கொண்டுவரும் என்பது தலைமன்னார் மீனவனுக்குத் தெரியும். வலைக்கண்ணின் அளவு வலை பொத்தும் பெண்ணின் விரலுக்குத் தெரியும். இந்த அறிவை ‘அனுபவம்’ என்று ஒதுக்கிவைத்து, வெளியிலிருந்து இயந்திரம் வாங்கினால், துப்புரவும் ஒரு புதிய வியாபாரமாகும். அழுக்குப் பெருகுவதே அதற்கு இலாபமாகும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! வங்காலையின் பறவைச் சரணாலயமும், கடற்புல்லை மேயும் கடற்பசுவும் நம் பாடநூலில் உள்ளன. ஒரு வாளி நீரும் ஒரு பிடி கடற்கரை மணலும் வகுப்பறையில் இருக்கட்டும். மிதப்பதை எண்ணி, நாளும் இடமும் குறித்துவையுங்கள். மன்னார்க் கடலைப் பற்றிய முன்னைய ஐந்து தொகுதிகளும் குடியேற்ற அரசின் கருவூலத்துக்காக எழுதப்பட்டவை. அடுத்த தொகுதி இக்கரையில் வாழ்பவரின் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்கட்டும்.