சரிந்த கல்வேலியின் சாட்சியம்: நியூ இங்கிலாந்துப் பண்ணைகளை முன்வைத்து

அமெரிக்காவின் வடகிழக்கே, நியூ இங்கிலாந்துக் காடுகளுக்குள் சாந்தின்றி அடுக்கிய கற்சுவர்கள் சரிந்து கிடக்கின்றன. 1870களின் தொடக்கத்தில் அந்நாட்டு வேளாண் துறை எடுத்த வேலிக் கணக்கை வைத்து, வடகிழக்கு மாநிலங்களின் கற்சுவர்கள் 2,40,000 மைலுக்கு மேல் நீளும் எனச் சுரங்கப் பொறியாளர் ஆலிவர் பவுல்ஸ் 1939இல் மதிப்பிட்டார். முதற்குடியேறிகள் எல்லை வகுத்து எழுப்பிய நினைவுச்சின்னங்களாகவே இவை பொதுவாகப் போற்றப்படுகின்றன. இக்கட்டுரை அதை மறுக்கிறது. பண்ணைச் சுவர்களில் பெரும்பாலானவை வயலிலிருந்து அகற்றிய கற்களின் குவியல்கள். வேலியாகப் பயன்பட்டது அடுத்த நிலை. அப்படியானால் அவற்றின் சான்று மதிப்பு கட்டியவரின் கைத்திறனில் இல்லை. கற்களின் கலவையிலும் அவற்றை ஒட்டித் தேங்கிய மண்ணிலும் இருக்கிறது. சுவரை நிமிர்த்திச் சீராக்கும்போது அழிவதும் அதுவே.

காலத்திலிருந்து தொடங்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் வந்தவர்களுக்கு மரத்துக்குப் பஞ்சமில்லை. வெட்டிய மரத்தைக் கொண்டே வேலி போட்டார்கள். பனியுகப் படலம் விட்டுச்சென்ற கற்கள் பெரும்பாலும் காட்டின் மக்கிய இலைமண்ணுக்கு அடியில் கிடந்தன. காடு போனதும் நிலைமை மாறியது. இலைப்போர்வையை இழந்த மண் குளிர்காலத்தில் இன்னும் ஆழமாக உறைந்தது. உறையும் நீர் கல்லை மேலே தள்ளியது. பனி இளகும்போது கல்லுக்கடியில் விழுந்த வெற்றிடத்தில் நுண்மண் புகுந்து, அது பழைய இடத்துக்கு இறங்காமல் தடுத்தது. வசந்தந்தோறும் உழவர் புதிய கற்களைப் பொறுக்கவேண்டியிருந்தது. சுவர்களில் பெரும்பகுதி அமெரிக்கப் புரட்சியை ஒட்டிய அரைநூற்றாண்டில் எழுந்தவை என்று நிலவியலாளர் ராபர்ட் தோர்சன் கருதுகிறார். முதற்குடியேறிகளின் சுவர் என்று நாம் வியப்பவற்றில் பல, அவர்களது பிற்கால வழித்தோன்றல்கள் சுமந்த கற்கள்.

இனிச் சுவருக்குள் பார்க்கலாம். மேய்ச்சலுக்கும் புல்லறுப்புக்கும் விட்ட நிலத்தில் பெரிய கற்களை மட்டும் அகற்றினால் போதும். ஏர் ஓடும் நிலத்தில் கைக்கடக்கமான கற்களும் இடைஞ்சல். ஆகவே பெருங்கற்களோடு சிறுகற்கள் ஏராளமாகக் கலந்த சுவரின் ஒரு பக்கத்திலாவது உழவு நடந்திருக்கும் என ஊகிக்கலாம். டாம் வெசல்ஸ் 1997இல் எழுதிய காட்டு நிலப்பரப்பு நூலில் கையாளும் வாதம் இது. இரு வரிசை கற்களை எழுப்பி, நடுவே பொடிக்கற்களை நிரப்பிய சுவர்களை அதே கண்ணோடு பார்த்தால், அந்த நடுப்பகுதி கொட்டுமிடம்தான். சரிவான வயலில் உழுத மண் கீழிறங்கிச் சுவரின் மேட்டுப் பக்கத்தில் தேங்கும். இரு பக்க நிலமட்டங்களின் வேறுபாடு உழவின் அளவைக் காட்டும். ஜான்சனும் ஒய்மெட்டும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, லேசர் ஒளியால் அளக்கும் லைடார் வான்வரைவால் மரக்கூரைக்கு அடியில் மறைந்த சுவர்களையும் பண்ணைத் தடங்களையும் துலக்கிக் காட்டியது. பெரும் சாதனைதான். ஆனால் வானிலிருந்து சுவர் ஒரு கோடு. அதில் சிறுகல் உண்டா என்பதைத் தரையில் குனிந்தவரே சொல்லமுடியும்.

வேலி சட்டக் கடமையாக இருந்ததே, பிறகெப்படிக் கழிவுக் குவியல் என்பது என்று கேட்கலாம். மாசசூசெட்ஸில் நான்கடி உயர வேலியே சட்டப்படி போதுமானது. அதைச் சரிபார்க்க ஊர்களில் வேலிக் கண்காணிப்பாளர்கள் இருந்தார்கள். ஆனால் பண்ணைச் சுவர்கள் பெரும்பாலும் தொடையளவே உயரமுடையவை. குறைந்த உயரத்தை மேலே வைத்த மரச்சட்டங்கள் ஈடுசெய்தன, அவை மக்கிவிட்டன. வேலிக்காகவே கல் சுமந்திருந்தால் இன்னும் இரண்டு வரிசை ஏற்றியிருப்பார்கள். 1810ஐ ஒட்டிப் பரவிய மெரினோ ஆட்டு மோகத்தின்போது வேலித் தேவைக்காகவே எழுந்த சுவர்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். கல் கையருகே கிடந்ததால்தான் அதுவும் எளிதாயிற்று.

இவ்வளவு கல்லைக் கண்டவர்கள், கல்தான் உழவரை விரட்டியது என்கிறார்கள். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. மாசசூசெட்ஸின் பீட்டர்ஷாமில் இன்று ஹார்வர்டு காட்டைச் சேர்ந்த சாண்டர்சன் பண்ணையைப் பற்றி ஹியூ ராப் 1966இல் எழுதிய கட்டுரை, நிலம் கைவிடப்பட்டதற்கு மண்ணின் வறுமையைவிட வெளியிலிருந்து வந்த பொருளாதார மாற்றங்களே காரணம் என்று வாதிட்டது. 1825இல் ஈரி கால்வாய் திறந்தபின் மேற்கின் தானியம் மலிவாக வந்தது. நிலத்தை விட்டுப் போனபோது கற்களில் பெரும்பகுதி ஏற்கெனவே சுவரேறிவிட்டது. மிகக் கடினமான வேலை முடிந்த நிலத்தைத்தான் அவர்கள் கைவிட்டார்கள். சுவர் இங்கே தோல்விக்குச் சாட்சியாகாது.

எல்லாக் கல்லமைப்பையும் குடியேறிகள் கணக்கில் எழுதுவது தவறு என்ற மறுப்பு வலுவானது. தெற்கு, கிழக்குப் பகுதிப் பழங்குடி நாடுகளின் கூட்டமைப்பு 2007இல் இப்பகுதியின் சில கல்லமைப்புகளைச் சடங்கு நிலப்பரப்புகளாக அறிவித்தது. என் அளவுகோல் இங்கேயும் உதவும்: உழுததற்கான மண்தேக்கமோ சிறுகல் கலவையோ அருகில் இல்லாத வரிசையைப் பண்ணைச் சுவர் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டக்கூடாது. ஆனால் சிறுகல் இல்லாத மேய்ச்சல் சுவர்களும் உண்டென்பதால், அந்த இன்மை மட்டுமே சடங்குக்குச் சான்றாகாது. இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது: பழுதுபார்க்காவிட்டால் சுவரே மிஞ்சாது என்பது. சாலையோரச் சுவருக்கு அது பொருந்தலாம். காட்டுக்குள் சரிந்த சுவர் அங்கேயேதான் கிடக்கும். அதைக் குலைப்பவை வேர், விழும் மரம், கல்லெடுப்போர் வண்டி. அங்கே சீரமைப்பைவிடக் கல்லெடுப்பைத் தடுப்பதே பாதுகாப்பு. எடுத்துக்கட்டியே ஆகவேண்டுமென்றால், கலைக்கும் முன் குறுக்குவெட்டு வரைந்து, கல்லளவைக் கணக்கெடுத்து, இருபக்க மண்மட்டத்தையும் அளந்துவைக்கவேண்டும். இன்றைய கொத்தர் பொடிக்கற்களை ஒதுக்கி, முகம் பார்த்துக் கட்டிய அழகான சுவரில் இவற்றில் எதையும் பிறகு தேடமுடியாது.