வெள்ளைப் புகை சொல்லும் சேதி

திருப்பரங்குன்றம் ரோட்டுல ஒரு பழைய லாரி வெள்ளையா புகை கக்கிட்டுப் போச்சு. உடனே "ஹெட்டை இறக்கு"ன்னு சொல்ற ஆளுங்க ஜாஸ்தி. பொறுங்க.

1897-ல் ருடால்ஃப் டீசல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டின இஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தின காத்தோட சூட்டிலேயே எண்ணெய் பத்தணும். சூடு பத்தலேன்னா எரியாத டீசல்தான் வெள்ளைப் புகை.

1954-ல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி வந்தப்போ ஸ்கேனர் ஏது? மூக்குதான் மீட்டர். டீசல் வாடையோட கண் எரிஞ்சா நாசில், பம்ப் டைமிங், கம்ப்ரஷன் பார்க்கணும். வாடையில்லாத ஆவி, ரேடியேட்டர்ல தண்ணியும் குறையுதுன்னா கேஸ்கட் சந்தேகம்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தாச்சு, சென்சார் கோட் சொல்லுது. ஆனா பழைய லாரிக்கு இன்னிக்கும் மூக்குதான். நாசில் மாத்தவேண்டிய இடத்துல ஹெட்டை இறக்கினா, ஓனருக்கு ஒரு மாச டியூ அம்பேல்!