ஒரு காய்ச்சலின் வாழ்க்கை வரலாறு

1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்று, தன் தலைவனை உடனே அரங்கேற்றவில்லை. பன்னிரண்டு முன்னுரை இயல்கள் கடந்த பிறகே அவனிடம் வருவதாகத் தலைப்புப் பக்கத்திலேயே அறிவித்துவிட்டது. கலைக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவு, வாழ்க்கை வரலாறு எழுதுவோரின் குறைகள், பழங்காலக் கொள்ளைநோய்கள், படைகளின் அழிவு, பேனின் குலமரபு, எலியின் பயணம் என்று ஊர் சுற்றிய பின்பே கதைத்தலைவன் தோன்றுகிறான். அத்தலைவன் மனிதன் அல்லன். டைபஸ் என்னும் காய்ச்சல். நூலின் பெயர் ‘எலிகள், பேன்கள், வரலாறு’. எழுதியவர் ஹான்ஸ் சின்சர்.

சின்சர் 1878இல் நியூயார்க்கில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்கும் முன்னர் இலக்கியத்தில் தோய்ந்தவர். 1923 முதல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக விளங்கினார். கவிதையும் எழுதினார், அவை அவர் மறைவுக்குப் பின் 1942இல் தொகுப்பாக வெளிவந்தன. ஆய்வுக்கூடத்தில் இருப்பவன் இலக்கியம் பேசலாகாது என்னும் கருத்தோடு வழக்காடியே அவர் தம் நூலைத் தொடங்குகிறார். அந்த வழக்கில் தம் காலத்துப் புதுக்கவிஞர் சிலரை அவர் செய்த கேலியில் நியாயம் குறைவு, சுவை மிகுதி.

டைபஸ் என்பது டைபாய்டு அன்று. தமிழகத்து மருத்துவமனைகளில் இப்போது அதிகம் கேட்கப்படும் ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்பதும் அன்று. அது வேறொரு கிருமியால் வருவது. சின்சர் எழுதிய டைபஸ், சீலைப்பேன் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குச் செல்வது. பேனின் கடியால் நேராக அது பரவுவதில்லை. பேனின் எச்சத்தில் கிருமி இருக்கும்; அரிப்பெடுத்த இடத்தைச் சொறியும்போது தோலின் கீறல் வழியே உட்புகும். துணி மாற்ற வழியற்ற கூட்டம் எங்குண்டோ அங்கெல்லாம் இந்தக் காய்ச்சல் இருந்தது. சிறைச்சாலை, படைமுகாம், கப்பலின் அடித்தளம், பஞ்சத்தில் இடம்பெயர்ந்தோரின் கொட்டகை ஆகியவையே அதன் இருப்பிடங்கள்.

பேனே தூதுவன் என்று 1909இல் தூனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் மெய்ப்பித்தார். அதற்காக 1928இல் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்கர் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் 1910இல் மெக்சிகோ நகரில் இந்நோயை ஆராயும்போதே அதற்கு இரையானார். ஸ்டானிஸ்லாஸ் ப்ரோவாசெக் 1915இல் ஜெர்மனியில், போர்க் கைதிகள் முகாமில் அவ்வாறே இறந்தார். மறு ஆண்டு கிருமிக்குப் பெயரிட்ட ரோச்சா லீமா, இருவர் பெயரையும் இணைத்து ‘ரிக்கெட்சியா ப்ரோவாசெக்கி’ என்றார். ஒரு கிருமியின் பெயரே இரண்டு கல்லறைகளின் மேல் நிற்கிறது. 1915இல் செர்பியாவில் இக்காய்ச்சல் ஒன்றரை லட்சம் பேரைக் கொண்டுபோனது. அந்நாட்டு மருத்துவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரும் அதில் அடங்குவர். அவ்வாண்டு அங்கே சென்ற அமெரிக்கச் செஞ்சிலுவைக் குழுவில் சின்சரும் ஒருவர். தம் கதைத்தலைவனை அவர் நேரில் கண்டது அங்கேதான்.

அவருக்கு முன்பும் நோய்க்கிருமிகளைப் பற்றி மக்களுக்காக எழுதியவர்கள் உண்டு. அவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் பால் டி க்ரைஃப். 1926இல் வெளிவந்த அவருடைய ‘நுண்ணுயிர் வேட்டைக்காரர்கள்’ பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அதைப் படித்தே அறிவியலுக்கு வந்தோம் என்று சொன்ன அறிஞர் பலர். லேவன்ஹூக்கில் தொடங்கி எர்லிக் வரை, ஒவ்வோர் இயலுக்கும் ஒரு வீரர், ஒவ்வொருவருக்கும் ஒரு பகை என்பதே நூலின் அமைப்பு. தலைப்பே வேட்டையைச் சொல்வது. கிருமி அங்கே கொடியது, கொல்லப்பட வேண்டியது. அதற்கென்று ஒரு வாழ்வு இருப்பதாக அந்நூல் நினைப்பதில்லை. நம் காலத்துச் செய்தித்தாள்கள் ‘நோயோடு போர்’ என்று எழுதும்போதெல்லாம் இந்த நடையே தொடர்கிறது.

அந்த நூலால் மனம் புண்பட்ட வீரர் ஒருவரும் உண்டு. 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், தம்மைப் பற்றிய சித்திரத்தை ஏற்கவில்லை. பிரிட்டிஷ் பதிப்பில் அந்த இயல் நீக்கப்பட்டது. ராஸும் கவிஞரே. தம் கண்டுபிடிப்பை அந்த நாள்களிலேயே செய்யுளாக்கியவர். அதே ஆண்டில் விடுப்பில் உதகைக்கு வந்தவர், சீகூர் மலைப்பாதையில் மலேரியாக் கொசுவைத் தேடப்போய் அக்காய்ச்சலையே வாங்கிக்கொண்டு திரும்பினார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

தமிழ் வழக்கில் நோயைப் பகையாகக் கருதும் மரபு மட்டும் இருந்ததில்லை. அகப்பாடல்களில் ‘நோய்’ என்பது பெரும்பாலும் காதல் துயரையே குறிக்கும். பெரியம்மையை நம் முன்னோர் தாயாக்கினர். வந்தவளை வணங்கி, குளிர்வித்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி வழியனுப்பினர். அந்த வணக்கம் குழந்தைகளைக் காப்பாற்றவில்லை, காப்பாற்றியது அம்மைக்குத்தல். ஆயினும் வீட்டுக்குள் வந்திருப்பது தனக்கென ஒரு போக்குவரத்து உடைய ஓர் உயிர் என்னும் உணர்வு அச்சொல்லில் இருந்தது. டி க்ரைஃபிடம் இல்லாத அந்த உணர்வு சின்சரிடம் அறிவியலாக வெளிப்பட்டது.

உழைத்து உணவாக்குவதை விட்டு, ஆக்கி வைத்திருப்பவரிடம் பெற்று வாழும் போக்கு உயிர்க்குலம் முழுவதிலும் பரவியுள்ளது. தொற்றுநோய் அதன் ஒரு கிளை. இதுவே சின்சர் நூலின் அடிநாதம். டார்வினுக்குப் பின் எழுதப்பட்ட நூல் என்பதை அதன் ஒவ்வொரு இயலும் காட்டும். கிருமிக்கும் முன்னோர் உண்டு, இடம்பெயர்வு உண்டு, புதிய இடத்தில் தடுமாற்றம் உண்டு. நூலின் உச்சம் பேனைப் பற்றிய பகுதி. டைபஸ் கண்ட மனிதரில் பலர் பிழைப்பதுண்டு. அவர் குருதியைக் குடித்த பேனோ பிழைப்பதில்லை. கிருமி அதன் குடலைச் சிதைக்க, உடல் சிவந்து, இரண்டு வார அளவில் மடியும். பேனைப் பொறுத்தவரை கொள்ளைநோயைக் கொண்டுவந்தவன் மனிதன். இந்த இடத்தில் சின்சர் கண்ணாடியைத் திருப்பிப் பிடிக்கிறார். படிப்பவர் முதலில் சிரிக்கிறார். பின்னர் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது.

பேனின் மரணத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. போலந்து அறிஞர் ருடால்ஃப் வைகல், இன்று உக்ரைனில் உள்ள ல்விவ் நகரில், நோயுற்ற பேன்களின் குடலிலிருந்து டைபஸ் தடுப்பூசி செய்தார். அதற்குப் பேன்களை மனிதக் குருதியால் வளர்க்க வேண்டும். சிறு பெட்டிகளில் பேன்களை அடைத்துக் காலில் கட்டிக்கொண்டு உணவூட்டுவோர் அங்கே பலர் இருந்தனர். நாஜி ஆட்சிக்காலத்தில் அந்த வேலைக்குரிய அடையாள அட்டை உயிரைக் காக்கும் சீட்டாயிற்று. அவ்வாறு பேனுக்குக் குருதி ஈந்தவர்களுள் கணித மேதை ஸ்டெஃபான் பானாக் ஒருவர். பின்னாளில் போலந்தின் பெருங்கவிஞர்களுள் ஒருவரான ஸ்பிக்னியேவ் ஹெர்பெர்ட் மற்றொருவர்.

பேன் சாவதிலிருந்து சின்சர் ஒரு முடிவுக்கு வந்தார். பேனுக்கும் இக்கிருமிக்கும் உறவு இளையது. பழகப் பழக இருவரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வர். பழைய நோய்கள் சாதுவாகும். மேகநோய் 16ஆம் நூற்றாண்டில் இருந்த கொடுமை பின்னர் தணிந்ததை அவர் சான்றாகக் காட்டினார். கொல்லும் விருந்தாளி தன் இருப்பிடத்தையே எரிக்கிறான் என்னும் இந்தக் கருத்து அக்காலத்து அறிஞர் பலருக்கும் பொதுவானது. கேட்க இனியது. ஒரு கவிஞர் விரும்பக்கூடியது.

அதற்கு ஒரு பெரும் சோதனை ஆஸ்திரேலியாவில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட முயல்கள் அங்கே கோடிக்கணக்கில் பெருகிப் புல்வெளிகளைத் தின்று தீர்த்தன. தென்னமெரிக்க முயல்களிடம் வெறும் கட்டியாக வந்து மறையும் மிக்சோமா என்னும் வைரஸ், ஐரோப்பிய முயலைக் கொன்றுவிடும். 1950இல் அது மர்ரி ஆற்றுப் பள்ளத்தாக்கில் விடப்பட்டது. கொசுக்கள் அதைப் பரப்பின. மறு ஆண்டு அதே வட்டாரத்தில் மனிதருக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது, முயல் நோயே காரணம் என்று மக்கள் அஞ்சினர். மெக்ஃபர்லேன் பர்னெட், ஃபிராங்க் ஃபென்னர், இயன் க்ளூனிஸ் ராஸ் என்னும் மூவரும் அந்த வைரஸைத் தம் உடலில் ஊசி வழி ஏற்றிக்கொண்டு, ஒன்றும் நேராததைக் காட்டினர். அச்சம் அடங்கியது.

முதல் ஆண்டில் நோய் கண்ட முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் இறந்தன. சில ஆண்டுகளில் ஃபென்னர் வேறொன்றைக் கண்டார். வயல்வெளியில் வைரஸின் கொடுமை தணிந்திருந்தது. முயல்களும் தாங்கும் திறன் பெற்றிருந்தன. சின்சர் சொன்னது மெய்யாயிற்று என்றே பலரும் எழுதினர். ஆனால் கணக்கை ஊன்றிப் பார்த்தால் கதை வேறு. மேலோங்கிய வைரஸ் வகை சாதுவானதன்று. ஆய்வுக்கூட முயல்களில் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றைந்து வரை அப்போதும் கொன்றது. மிகக் கொடியது முயலை விரைவில் கொன்றுவிடும். கொசு கடிக்க நாள் போதாது. மிகச் சாதுவானது தோலில் போதிய அளவு பெருகாது. கொசுவின் வாயில் ஒட்டாது. இடைப்பட்டது வென்றது. வைரஸ் நாடியது சமாதானத்தை அன்று, அடுத்த முயலை. பின்னாளில் முயலின் தாங்குதிறன் வளர்ந்தபோது வைரஸும் மீண்டும் கொடிதாயிற்று.

1982இல் ராய் ஆண்டர்சன், ராபர்ட் மே இருவரும் இதற்குக் கணித வடிவம் தந்தனர். பரவுவதற்கு எந்த அளவு கொடுமை ஏற்றதோ அந்த அளவிலேயே இயற்கைத் தேர்வு நிறுத்தும். அது குறைவாகவும் இருக்கலாம், மிகுதியாகவும் இருக்கலாம். 1994இல் பால் ஈவால்டு தம் நூலில், கொசு போன்ற தூதுவர் வழிப் பரவும் நோய்க்கு மனிதன் எழுந்து நடமாட வேண்டிய தேவையே இல்லை. அவன் படுத்த படுக்கையாகக் கிடப்பது கொசுவுக்கு வசதி என்று வாதிட்டார். இவர்களிடம் சின்சரின் நகைச்சுவை இல்லை. ஆயினும் அவர் நூலின் இனிய பகுதியைத் திருத்தியவர்கள் இவர்களே. திருத்தம் அறிஞரிடையே தங்கிவிட்டது; இனிமை மட்டும் மக்களிடையே உலவியது. 2020இல் கொரோனா பரவியபோது, கிருமி நாளடைவில் தானே தணியும் என்னும் பேச்சு உலகெங்கும் கேட்டது. 2021இல் முன்னதினும் கொடிய டெல்டா வந்தது. அதன் பின் வந்த ஓமிக்ரான் தணிந்திருந்ததும் உண்மையே. ஆனால் அதற்கு விதி எதுவும் இல்லை.

சின்சரின் மற்றொரு புகழ்பெற்ற இயல் படைகளைப் பற்றியது. போர்களின் முடிவைத் தளபதிகளைவிடக் கிருமிகளே தீர்மானித்தன என்பார். 1812இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படையை டைபஸ் அழித்ததை விரிவாகச் சொல்வார். வில்னியஸ் நகரில் கண்டெடுத்த அவ்வீரர்களின் பற்களை 2006இல் ஆராய்ந்தவர்கள் டைபஸ் கிருமியின் தடயம் கண்டதாக அறிவித்தனர். 2025இல் வெளியான ஆய்வு 13 வீரர்களின் பற்களில் டைபஸைக் காணவில்லை. பாராடைபாய்டு கிருமியையும், மறுகாய்ச்சல் கிருமியையும் கண்டது. அந்த மறுகாய்ச்சலைப் பரப்புவதும் சீலைப்பேனே. வரலாற்றில் பேனுக்கு அவர் தந்த இடம் பெரும்பாலும் நிலைத்தது.

1938இல் தமக்குக் குருதிப் புற்றுநோய் இருப்பதைச் சின்சர் அறிந்தார். எஞ்சிய நாள்களில் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். ஆனால் தன்மையில் அன்று. ‘ஆர். எஸ்.’ என்னும் நண்பர் ஒருவரைப் பற்றி எழுதுவது போலப் படர்க்கையில் எழுதினார். 1940இல் நூல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள் மறைந்தார்.

நியூயார்க் மருத்துவர் நேதன் பிரில், பேனில்லாத நகரவாசிகளிடம் டைபஸை ஒத்த ஒரு மென்மையான காய்ச்சலை அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்திருந்தார். நோயாளிகளில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் என்பதைக் கவனித்த சின்சர், இளமையில் அங்கே கண்ட டைபஸே பல்லாண்டுகள் உடலில் உறங்கி மீண்டும் எழுகிறது என்று 1934இல் ஊகித்தார். அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், அத்தகைய நோயாளிகளின் குருதியிலிருந்தே அக்கிருமியைப் பிரித்தெடுத்து ஊகத்தை உறுதி செய்தனர். மருத்துவ நூல்களில் அதன் பெயர் இப்போது பிரில்–சின்சர் நோய்.