மூலையில கிடக்கிற மூணு பட்டன்

உங்க கீபோர்டோட வலது மேல் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க. பிரிண்ட் ஸ்கிரீன், ஸ்க்ரோல் லாக், பாஸ் பிரேக். (சின்ன லேப்டாப்னா பாதி காணாமப் போயிருக்கும்.) இதுல பிரேக்தான் மூத்தவர். கம்ப்யூட்டருக்கே மூத்தவர்.

தந்தி காலத்துக்குப் போவோம். ஒரே கம்பி, அதுல எப்பவும் ஓடுற மின்சாரம். ஒருத்தர் செய்தி அடிச்சிக்கிட்டே இருக்கார், இந்தப் பக்கம் இருக்கிறவருக்குப் புரியலை. எப்படி நிறுத்துறது? தன் பக்கத்துல சுற்றைத் துண்டிச்சிடுவார். அனுப்புறவரோட கருவி ஊமையாயிடும், அவரும் புரிஞ்சிக்கிட்டு நிறுத்துவார். அந்தத் துண்டிப்புதான் பிரேக். டெலிபிரிண்டர்ல அது ஒரு பட்டனா ஆச்சு. அப்புறம் பெரிய கம்ப்யூட்டர்களோட டெர்மினல்ல, ஓடுற புரோகிராமை இடைமறிக்கிற பட்டனாச்சு.

1981-ல ஐபிஎம் பிசி வந்தப்போ 83 பட்டன். பிரேக்குக்குத் தனி இடம் கிடையாது, கன்ட்ரோலோட ஸ்க்ரோல் லாக்கை அழுத்தணும். பிரிண்ட் ஸ்கிரீன் அன்னைக்கு பேருக்கு ஏத்த மாதிரியே இருந்தது: ஷிஃப்ட்டோட அழுத்தினா திரையில இருக்கிற எழுத்தெல்லாம் நேரா பிரிண்டருக்குப் போயிடும்.

1984-ல பிசி ஏடி-யோட 84-வது பட்டன் வந்தது: சிஸ்டம் ரிக்வெஸ்ட், சுருக்கமா சிஸ்ஆர்க்யூ. ஓடுற புரோகிராமைத் தாண்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தையே கூப்பிடுறதுக்கு ஒரு அழைப்பு மணி. நல்ல யோசனைதான், ஆனா டாஸ்ல அந்த மணியைக் கேட்க ஆளே இல்லை! பிற்பாடு பிரிண்ட் ஸ்கிரீன் வீட்லயே ஒண்டுக்குடித்தனம்.

அதுக்கு மறுவாழ்வு கொடுத்தது லினக்ஸ். திரை உறைஞ்சு, மவுஸ் அசையாம நிக்கிறப்போகூட, கெர்னல் உயிரோட இருந்தா இந்தப் பட்டனைக் கேட்கும். ஆல்ட்டையும் சிஸ்ஆர்க்யூவையும் பிடிச்சிக்கிட்டு எஸ், யூ, பி-ன்னு ஒவ்வொண்ணா, நடுவுல சில நொடி விட்டு அழுத்தணும். எஸ், டிஸ்க்குக்குப் போக வேண்டியதை எழுதி முடிக்கும். யூ, டிஸ்க்கைப் படிக்க மட்டும்னு மாத்தும். பி, ரீபூட். பவர் பட்டனை அமுக்கிக் கொல்றதைவிட இது எவ்வளவோ மேல், ஃபைல் சிஸ்டம் அடிபடாது. சில லினக்ஸ்ல இது முழுசா திறந்திருக்காது, இப்பவே பார்த்து வச்சிக்கோங்க.

ஸ்க்ரோல் லாக்? கணக்கு வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் போன் பண்ணார். "எக்செல்ல அம்புக்குறி அழுத்தினா கட்டம் மாறலைங்க, மொத்த ஷீட்டும் நகருது, வைரஸா?" வைரஸ் இல்லை. 1981-ல அந்தப் பட்டனை வச்ச வேலையே அதுதான், எக்செல் இன்னும் மதிக்குது. அவர் லேப்டாப்ல அந்தப் பட்டனே இல்லை. விண்டோஸோட ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறக்கச் சொன்னேன், அதுல இருந்தது.