கார்த்திகைப் பூ ஆடியில் மலர்ந்த கதை

கார்த்திகைப் பூவை நமது ஊர்களில் எவரும் நட்டு வளர்ப்பதில்லை. மாரி மழை தொடங்கியதும் வேலிக்கரையிலும் பற்றைக் காட்டிலும் அது தானாகவே முளைக்கும். இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு, அருகில் நிற்கும் கிளுவையையோ பூவரசையோ பற்றி ஏறும். பச்சையாக விரியும் இதழ்கள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, ஈற்றில் தீச்சுவாலை போலச் சிவந்து மேல்நோக்கி வளைந்து நிற்கும். மழைக்காலம் கடந்ததும் கொடி காய்ந்து சருகாகிவிடும். கிழங்கு மட்டும் அடுத்த மாரி வரை மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும்.

செங்காந்தள், தோன்றி, கலப்பைக் கிழங்கு என அதற்குத் தமிழில் பெயர்கள் பல. சிங்களத்தில் நியங்கலா. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூப்பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். 2003இல் விடுதலைப் புலிகள் அதனைத் தமிழீழத்தின் தேசிய மலராக அறிவித்தனர். அரசியல் எவ்வாறிருப்பினும், ஈழத் தமிழரின் நினைவில் இந்தப் பூவும் கார்த்திகை மாதமும் பிரிக்க முடியாதவை.

நாம் கவனிக்காமல் விட்ட இதே கொடியை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியர் நெருப்பு மூட்டியும் கண்ணாடி வீடு கட்டியும் காப்பாற்றி வந்திருக்கிறார்கள் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. பனியில் மடியக்கூடிய அயல்நாட்டுச் செடிகளைக் குளிர்காலம் கடத்தி வளர்க்கும் கலையின் வரலாற்றில் நமது கார்த்திகைப் பூவுக்கும் ஓர் இடம் உண்டு.

அந்த வரலாற்றின் முக்கியமான களங்களுள் ஒன்று ஒல்லாந்தின் லெய்டன் நகரம். அங்குள்ள பல்கலைக்கழகம் 1590இல் தாவரவியல் பூங்கா ஒன்றை நிறுவியது. குளிரைத் தாங்காத செடிகளை மாரிகாலத்தில் ஒதுக்கி வைப்பதற்கென்று சில ஆண்டுகளிலேயே அங்கே ஒரு நீண்ட கூடமும் கட்டப்பட்டது. அரசர்களும் பிரபுக்களும் தோடை மரங்களை இவ்வாறே காத்தனர். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684க்கும் 1686க்கும் இடையில் எழுந்த தோடைக் கூடத்தின் நடுமண்டபம் 150 மீற்றருக்கும் அதிக நீளமானது. தொட்டிகளில் நிற்கும் மரங்கள் கோடையில் வெளியே வரும். குளிர் தொடங்கியதும் உள்ளே போகும். தடித்த சுவரும் தெற்கு நோக்கிய பெரும் யன்னல்களுமே அவற்றுக்குப் பாதுகாப்பு.

தோடைக்கு அது போதுமானதாக இருந்தது. இலங்கையிலிருந்தும் மலபாரிலிருந்தும் சென்ற செடிகளுக்குப் போதவில்லை.

அவ்வாறான செடிகளை நன்கு அறிந்தவர் போல் ஹேர்மன். ஜேர்மனியில் 1646இல் பிறந்த இவர், ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக 1672இல் இலங்கைக்கு வந்தார். சுமார் ஏழு ஆண்டுகள் இங்கு தங்கிச் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, வரைவித்தார். பின்னர் லெய்டனில் தாவரவியல் பேராசிரியராகவும் பூங்காவின் பொறுப்பாளராகவும் பணியாற்றினார். 1687இல் அவர் வெளியிட்ட லெய்டன் பூங்காவின் செடிப் பட்டியலில் நமது கார்த்திகைப் பூ படத்துடன் இடம்பெற்றுள்ளது. அங்கே அதன் பெயர் ‘மெத்தோனிக்கா மலபாரோறம்’. மலபாரிகளின் மெத்தோனிக்கா என்பது பொருள். மெத்தோனிக்கா என்ற சொல்லில் ஒலிப்பது மேந்தோன்னி என்னும் மலையாளப் பெயர். நமது ‘தோன்றி’யும் அதனுள்ளே கேட்கிறது. யாழ்ப்பாணத் தமிழரையும் ஒல்லாந்தர் மலபாரிகள் என்றே எழுதினர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இத்தகைய செடிகளைக் காப்பதற்கு அவர்கள் முதலில் அறிந்திருந்த வழி நெருப்பு ஒன்றே. அடைத்த அறைக்குள் அடுப்பை எரித்தார்கள். புகையும் வறண்ட காற்றும் செடிகளைக் கொன்றன. லண்டனில் செல்சி மூலிகைத் தோட்டத்தின் செடி வீட்டுக்கு நிலத்தின் கீழிருந்து வெப்பம் ஊட்டப்பட்டதை ஜோன் ஈவ்லின் 1685இல் கண்டு தமது நாட்குறிப்பில் பதிந்துள்ளார். வெளியே உள்ள உலையில் சூடேறிய புதிய காற்றைக் குழாய் வழியே செடி வீட்டுக்குள் செலுத்தும் முறையை அவரே 1691இல் விவரித்து எழுதினார். லெய்டனில் ஹேர்மனுக்குப் பின் வந்த புகழ்பெற்ற வைத்தியப் பேராசிரியர் போர்ஹாவ, தாழ்ந்து வரும் குளிர்காலச் சூரியனின் ஒளி நேராக விழும்படி கண்ணாடியை எந்தச் சரிவில் அமைப்பது என்று கணக்கிட்டார். வெப்பம் மட்டும் போதாது, ஒளியும் காற்றும் வேண்டும் என்பது எத்தனையோ செடிகளைப் பலிகொடுத்துப் பெற்ற பாடம்.

இன்னொரு பாடமும் இருந்தது. ஒவ்வொரு செடிக்கும் அதன் ஊரின் பருவம் உண்டு. தோடைக்கு இலை உதிராத அரைத்தூக்கம் போதும். கார்த்திகைப் பூவுக்கோ கொடி முழுவதும் மடிந்து கிழங்கு காய்ந்த மண்ணில் கிடக்கும் முழு உறக்கம் வேண்டும். உறங்கும் கிழங்குக்கு நீர் ஊற்றினால் அது அழுகிவிடும். ஐரோப்பியத் தோட்டக்காரர் இதற்குக் கண்ட வழி எளிமையானது. ஊரில் வரட்சியில் உறங்கிய கிழங்கை அங்கே குளிர்காலத்தில் உறங்க விட்டார்கள். இலை பழுத்ததும் நீரை நிறுத்தி, பனிக்காலம் முழுவதும் உலர்ந்த நிலையில் வைத்து, வசந்தம் நெருங்கும்போது புதிய மண்ணில் இட்டு வெப்பம் கொடுத்தார்கள். கொடி ஏறியது, பூவும் பூத்தது. ஆனால் பூத்தது யூலையிலும் ஓகஸ்ட்டிலும். கார்த்திகைப் பூ ஆடிப் பூ ஆயிற்று. கார்த்திகை மாதத்தில் அது உலர்ந்த மணலுக்குள் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தது.

பருவத்தோடு பெயரும் மாறியது. லின்னேயஸ் 1735 முதல் ஜோர்ஜ் கிளிபோர்ட் என்ற ஒல்லாந்துச் செல்வரின் தோட்டத்தில் பணியாற்றினார். அங்கே தென்னைரோப்பா, ஆசியா, ஆபிரிக்கா, அமெரிக்கா என நான்கு பகுதிகளின் செடிகளுக்கும் நான்கு வீடுகள் இருந்தன. கிரேக்கமோ இலத்தீனோ அல்லாத மூலமுடைய பெயர்களைக் ‘காட்டுமிராண்டிப் பெயர்கள்’ என ஒதுக்குவது அவர் 1737இல் வகுத்த விதி. மெத்தோனிக்கா ‘குளோரியோசா’ ஆனது. 1753இல் ‘குளோரியோசா சுப்பேர்பா’ என்ற இரட்டைப் பெயர் நிலைபெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சிலர் மெத்தோனிக்கா என்று எழுதிப் பார்த்தனர், அது நிலைக்கவில்லை. ஹேர்மனின் இலங்கைச் சேகரிப்பை வைத்தே லின்னேயஸ் 1747இல் ‘புளோரா சிலானிக்கா’ எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சேகரிப்பு இன்று லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. அவற்றைக் காட்டிக் கொடுத்து, பெயர் சொல்லி, குணம் விளக்கிய நமது நாட்டவர் யாரென்பது அதில் இல்லை. மலபாரில் வான் ரீட் தமது பெருநூலில் இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் சான்றுரையைப் பதிப்பித்தார். அந்த அளவு நியாயம் இலங்கையில் நிகழவில்லை.

கண்ணாடி வீடு நெடுங்காலம் செல்வரின் உடைமையாகவே இருந்தது. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்ட பின்னரே நடுத்தர வகுப்பினர் அதை எண்ணிப் பார்க்க முடிந்தது. டெவன்ஷயர் பிரபுவுக்காக ஜோசப் பக்ஸ்ரன் 1836இல் கட்டத் தொடங்கிய சற்ஸ்வேர்த் பெருங் கண்ணாடி வீட்டுக்கு எட்டுக் கொதிகலன்களும் ஏழு மைல் நீளக் குழாய்களும் தேவைப்பட்டன. முதலாம் உலகப் போரில் நிலக்கரி தட்டுப்பட்டது. நெருப்பு அணைந்தது. செடிகள் மடிந்தன. 1920இல் அந்த மாளிகையே தகர்க்கப்பட்டது. பிரபுவின் கண்ணாடி வீட்டுக்கு மட்டும் உரியதாயிருந்த வெப்பம், இருபதாம் நூற்றாண்டில் சாதாரண மனிதரின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. போரால் துரத்தப்பட்ட நம்மவரும் அவ்வீடுகளுக்கே குடிவந்தனர்.

ரொறன்ரோவில் உள்ள எனது மாமி ஒருவரின் வீட்டில், குளிர்காலத்தில் யன்னலோரம் முழுவதும் மல்லிகையும் கறிவேப்பிலையும் நிற்கும். நிலக்கீழ் அறையின் தட்டில் கடதாசிப் பை ஒன்று இருந்தது. உள்ளே உலர்ந்த மணலில் கார்த்திகைக் கிழங்குகள். செடிக்கடை ஒன்றில் வாங்கியவையாம். பையில் எழுதியிருந்தது குளோரியோசா என்ற பெயரும், ஒல்லாந்தில் விளைந்தது என்ற குறிப்பும் மட்டுமே. மாமிக்கு அந்தப் பெயர் தெரியாது. கலப்பை போல் வளைந்த கிழங்கைக் கண்டே அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

“தம்பி, ஊரிலை இதை ஆர் கவனிச்சது? இஞ்சை பிள்ளை மாதிரிப் பாக்க வேண்டிக் கிடக்கு. எண்டாலும் விளக்கீட்டுக்குப் பூக்க மாட்டனெண்டுது” என்றார்.

அவரது மனக்குறைக்கு விடை மேலே சொன்ன வரலாற்றில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கார்த்திகையிலும் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். கனடாவின் தென்கோடியிலுள்ள ரொறன்ரோவிலேயே நவம்பர் இறுதியில் அது ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று அதிகம். லண்டனில் எட்டு மணி நேரத்தளவே. அந்த வெளிச்சத்தில், செயற்கை விளக்கும் வெப்பமும் இன்றி, இந்தக் கொடி பூக்காது. வற்புறுத்தி எழுப்புவதைவிட உறங்க விடுவதே நன்று.

வளர்க்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். இலையுதிர்காலத்தில் கொடி காய்ந்ததும் கிழங்கை மெதுவாகத் தோண்டி, உலர்ந்த மணலில், 10 முதல் 15 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கலாம். முளை கிழங்கின் நுனியில்தான் இருக்கிறது. அது முறிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. மாசி, பங்குனியில் சூடான யன்னலோரத்தில் நடலாம். செடி முழுவதும் நஞ்சு. கிழங்கில் உள்ள கொல்ச்சிசின், அளவறிந்து கொடுத்தால் மூட்டுவாதத்துக்கு மருந்து. அளவு மீறினால் உயிர்க்கொல்லி. வற்றாளைக் கிழங்கென்று எண்ணி உண்டு இறந்தவர்கள் நமது நாட்டில் உண்டு. ஆகவே பையைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைப்பதோடு, அதன் மீது பெயரையும் எழுதி வையுங்கள்.

அந்தப் பெயரைத் தமிழில் எழுதுங்கள் என்பதே எனது வேண்டுகோள். ஒரு செடி அயல் மண்ணில் தன் பருவத்தை மாற்றிக்கொண்டு பிழைக்கிறது, அதில் பிழையில்லை. ஆனால் அங்கே பிறந்த பிள்ளைகள் யூலை மாதத்தில் அந்தப் பூவைப் பார்த்து, இதற்கு ஏன் கார்த்திகைப் பூ என்று பெயர் எனக் கேட்பார்கள். அந்தக் கேள்வி எழ வேண்டுமானால் முதலில் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.