இலக்கணமிழப்பு

பக்கவாதத்தாலோ தலைக்காயத்தாலோ மூளையின் இடப்பக்கம் சேதமுறும்போது, சொற்களை வாக்கியமாகக் கோக்கும் திறனும் வாக்கிய அமைப்பைக் கொண்டு பொருளறியும் திறனும் குன்றுவது இலக்கணமிழப்பு எனப்படும். அஃபேசியா என்னும் மொழியிழப்பின் ஒரு வகையான இதில், துணைவினைகளும் விகுதிகளும் இடைச்சொற்களும் உதிர்ந்து, பெரும்பாலும் பெயர்ச்சொற்களே பேச்சில் எஞ்சுகின்றன.

1861இல் பாரிசை அடுத்த பிசெத்ர் மருத்துவமனையில், பெரும்பாலும் 'டான்' என்ற ஓரசையையே பல்லாண்டுகள் சொல்லிவந்த லெபோர்ன் என்பவர் இறந்தபின், அவரது மூளையை ஆராய்ந்த பால் புரோக்கா இட முன்மடலின் கீழ்ப்பகுதியில் சேதத்தைக் கண்டார். 1874இல் கார்ல் வெர்னிக்கே, பொட்டுமடலின் மேற்பகுதி சேதமுற்றால் பேச்சு தடையின்றி ஓடினாலும் புரிதல் கெடுவதைக் காட்டவே, பேசுவதற்கு முன்பகுதி, புரிந்துகொள்வதற்குப் பின்பகுதி என்ற பிரிவினை ஒரு நூற்றாண்டு நிலைத்தது. பிராகாவின் ஆர்னோல்ட் பிக் 1913இல் இலக்கணக் குலைவுக்கென்றே நூல் எழுதியபோதும் அக்கருத்து அசையவில்லை.

அதை அசைத்தது 1976இல் கராமாசாவும் சூரிஃபும் வெளியிட்ட ஆய்வு. 'சிறுவன் தின்னும் ஆப்பிள் சிவப்பானது' என்பது போன்ற ஆங்கில வாக்கியங்களுக்கு உரிய படத்தை, முன்பகுதி சேதமுற்ற புரோக்கா வகை நோயாளிகள் சரியாகவே காட்டினர். ஆப்பிள் சிறுவனைத் தின்னாது என்னும் உலகறிவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. 'சிறுமி துரத்தும் சிறுவன் உயரமானவன்' என்பது போன்றவற்றில், இருவருள் எவரும் துரத்தக்கூடும் என்பதால், அவர்களுடைய விடைகள் வெறும் ஊகத்தின் அளவுக்கு இறங்கின. தமிழில் 'சிறுமி துரத்தும்', 'சிறுமியைத் துரத்தும்' என்பவற்றைப் பிரிப்பது ஓர் ஐகார உருபே என்பதை எண்ணினால், இழப்பின் நுட்பம் விளங்கும். இக்குறை நெடுங்காலம் மறைந்திருந்ததற்குக் காரணம் மருத்துவர்களின் கவனக்குறைவு மட்டுமன்று; கேட்ட சொற்களையும் சூழலையும் இணைத்துப் பொருளை ஊகித்துவிடும் நோயாளிகளின் கூர்மையும் ஆகும்.

இதிலிருந்து எழுந்த, இலக்கண அறிவே அழிந்துவிட்டது என்ற முடிவும் நெடுநாள் நிற்கவில்லை. இத்தகைய நோயாளிகள் பிழையான வாக்கியத்தைப் பிழையென்று பெரும்பாலும் சரியாகவே கண்டுகொள்வதை லைன்பார்கர், ஷ்வார்ட்ஸ், சஃப்ரான் ஆகியோர் 1983இல் காட்டியதால், அறிவு எஞ்சியிருக்க, யார் யாருக்கு என்ன செய்தார் என்பதோடு அதைப் பொருத்துவதே தடைப்படுகிறது என்ற விளக்கம் வலுப்பெற்றது. குறையின் தோற்றம் மொழிக்கு மொழி மாறுவதும் தெரியவந்தது: விகுதியின்றி நிற்கும் வினை வடிவங்கள் ஆங்கிலத்தில் உண்டாதலால் அம்மொழியினர் விகுதியை விட்டுவிடுகின்றனர், மெய்யெழுத்து வேர்களைத் தனியே ஒலிக்க இயலாத எபிரேயத்திலோ ஒரு வடிவத்துக்குப் பதிலாக வேறொன்று வருகிறது.

சேதத்தின் இடம் பற்றிய பழைய கருத்தும் மாறியது. புரோக்கா சுட்டிய இட முன்மடல் பகுதி மட்டும் சேதமுற்றால் நீடித்த மொழியிழப்பு உண்டாவதில்லை என்று 1978இல் ஜே. பி. மோர் குழுவினர் எழுதினர். பாதுகாக்கப்பட்டிருந்த லெபோர்னின் மூளையை 2007இல் டிரோங்கர்ஸ் குழுவினர் எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்தபோது, புரோக்கா வெளிப்பரப்பில் கண்ட சேதம் உள்ளே நரம்பிழைக் கற்றைகள் வரை ஊடுருவியிருந்தது.