ஃப்ரம் ஹெல் (திரைப்படம், 2001)

ஃப்ரம் ஹெல் 2001 அக்டோபரில் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம். 1888இல் இலண்டனின் கிழக்குப் பகுதியான வைட்சேப்பலில் ஐந்து பெண்களைக் கொன்ற ‘ஜாக் த ரிப்பர்’ என்னும் தொடர்கொலையாளியைக் காவல்துறை தேடுவதே கதை. ஆல்பர்ட், ஆலன் ஹியூஸ் என்னும் இரட்டைச் சகோதரர்கள் இயக்கினர். ஜானி டெப் ஆய்வாளர் ஃபிரெடரிக் ஆபர்லைனாகவும், ஹீதர் கிரஹாம் மேரி கெல்லியாகவும், இயன் ஹோம் அரச மருத்துவர் சர் வில்லியம் கல்லாகவும் நடித்தனர். ஆலன் மூர் எழுதி எடி கேம்பல் வரைந்த படக்கதை நூலே மூலம். வைட்சேப்பல் கண்காணிப்புக் குழுத் தலைவர் ஜார்ஜ் லஸ்குக்கு, 1888 அக்டோபரில் பாதிச் சிறுநீரகத்துடன் வந்த கடிதத்தின் முதற்சொற்களே தலைப்பு.

அரண்மனைச் சதி என்று படம் காட்டும் தீர்வுக்கு முப்பது ஆண்டு வரலாறு உண்டு. 1970இல் தாமஸ் ஸ்டோவல் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை, கொலையாளி ஓர் உயர்குடி வாரிசு என்று பெயர் சொல்லாமல் சுட்டியது. அது விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர்தான் என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். 1973இல் பிபிசி தொடர் ஒன்றில், ஓவியர் வால்டர் சிக்கர்ட்டின் மகன் என்று சொல்லிக்கொண்ட ஜோசப் கோர்மன் இதற்கு வேறு வடிவம் தந்தார்: இளவரசர் ஆனி குரூக் என்ற கத்தோலிக்கக் கடைப்பெண்ணை இரகசியமாக மணந்தார், குழந்தை பிறந்தது, விஷயம் அறிந்த பெண்களின் வாயை அடைக்கக் கொலைகள் நடந்தன. ஸ்டீபன் நைட் 1976இல் இதை நூலாக்கினார். 1979இல் ‘மர்டர் பை டிக்ரீ’ இந்தச் சதிக்குள் ஷெர்லாக் ஹோம்ஸை இறக்கியது. 1988இல் மைக்கேல் கெய்ன் ஆபர்லைனாக நடித்த தொலைக்காட்சித் தொடர், இளவரசரை விடுவித்துவிட்டு அரச மருத்துவரைக் குற்றவாளியாக்கியது. இத்தனைக்கும், ரிப்பர் பகுதி தன் கட்டுக்கதை என்று கோர்மனே 1978இல் சண்டே டைம்ஸ் இதழிடம் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆவணங்களும் கதைக்கு எதிராகவே நிற்கின்றன. மருத்துவர் கல்லுக்கு அப்போது வயது 71. முந்தைய ஆண்டுதான் பக்கவாதம் தாக்கியிருந்தது. எலிசபெத் ஸ்ட்ரைடும் கேத்தரின் எடோஸும் ஒரே இரவில் கொல்லப்பட்ட செப்டம்பர் 30 அன்று இளவரசர் ஸ்காட்லாந்தில் இருந்தார்.

படத்தின் உண்மையான பலம் அது காட்டும் இடத்தில் இருக்கிறது. பிராக் நகருக்கு வெளியே வைட்சேப்பலின் தெருக்களை அரங்கமாகக் கட்டி, ஒளிப்பதிவாளர் பீட்டர் டெமிங் அவற்றைப் புகையும் ஈரமும் இரத்தச் சிவப்பு வானமுமாகப் படமாக்கினார். ஹியூஸ் சகோதரர்களின் முதல் படம் லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பினச் சேரி வாழ்வைப் பற்றியது. இதையும் அவர்கள் சேரிப் படம் என்றே பார்த்தார்கள். அந்தப் பார்வை பலித்த ஒரு காட்சி உண்டு. படுக்கக் காசில்லாத பெண்கள் வரிசையாகப் பலகையில் உட்கார்ந்து, மார்புக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் சாய்ந்து தூங்குகிறார்கள். விடிந்ததும் கயிறு அவிழ்க்கப்படுகிறது. 1888 ஆகஸ்ட் 31 அதிகாலையில் கொல்லப்பட்ட மேரி ஆன் நிக்கல்ஸ் அப்போது தெருவில் நின்றதற்குக் காரணம், விடுதிப் படுக்கைக்குத் தேவையான நான்கு பென்ஸ் அவரிடம் இல்லாததுதான். எந்தச் சதியையும்விட இந்தக் காசுக்கணக்கு கொலைகளை நன்றாக விளக்குகிறது. ஆனால் கொலையாளி அரண்மனை அனுப்பிய ஆள் என்று ஆனதுமே வறுமை வெறும் பின்புலமாகிவிடுகிறது; இரகசியம் தெரிந்ததால் செத்தவர்கள் ஆகிறார்கள் அந்தப் பெண்கள்.

திரைப்படம் வரலாற்று நூல் அல்லவே என்று கேட்கலாம். நியாயம்தான்; அபினி மயக்கத்தில் கொலைகளை முன்கூட்டியே காணும் ஆபர்லைனை யாரும் ஆவணமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. உண்மையான ஆபர்லைன் 1929இல், 86 வயதில் போர்ன்மவுத்தில் இறந்தார். படத்திலோ அபினியால் சாகிறார். அந்த மாற்றங்கள் கதையைக் கெடுக்கவில்லை. சதிக்கோட்பாட்டின் குறை, அது பொய் என்பதோடு நிற்காமல் வறுமை பற்றிய படத்தின் சொந்தக் கண்டுபிடிப்பையே அழிக்கிறது என்பதுதான். மூல நூலும் இதே கோட்பாட்டைத்தானே கையாள்கிறது என்பது இன்னொரு மறுப்பு. மூர் கொலையாளியைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார். யார் என்ற கேள்வியை ஒதுக்கி, எத்தகைய சமூகம் இதற்கு இடம் தந்தது என்று கேட்கிறார். பின்னிணைப்பில், ரிப்பர் கோட்பாடுகளைத் துரத்துவோரின் வரலாற்றையே வரைந்து, தான் கையாளும் கோட்பாடு புனைவு என்பதையும் மறைக்காமல் வைக்கிறார். படம் இதைத் தலைகீழாக்கிக் கொலையாளியின் முகத்தை இறுதிவரை ஒளித்து வைக்கிறது. கோட்பாடு அங்கே உச்சக்கட்டமாகிவிடுவதால் அதன் பொய் படத்தையே பாதிக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர்களையாவது குற்றம் சாட்டுகிறதே என்பது மூன்றாவது வாதம். ஒரு மருத்துவரையும் ஃப்ரீமேசன் என்னும் இரகசியச் சங்கத்தினர் சிலரையும் குற்றவாளிகளாக்கும்போது, வாடகை வாங்கிய விடுதி முதலாளிகளும் தெருவை அப்படியே விட்டுவைத்த ஆட்சியும் தப்பித்துவிடுகிறார்கள்.

படம் சுமார் 7.5 கோடி டாலர் வசூலித்தது. 2019இல் ஹாலி ரூபன்ஹோல்ட் எழுதிய ‘த ஃபைவ்’, கொலையாளியை விட்டுவிட்டு ஐந்து பெண்களின் வாழ்க்கையை மட்டும் எழுதியது; ரிப்பர் பற்றிய பேச்சு இன்று அந்தத் திசையிலும் நகர்கிறது. ஃப்ரம் ஹெல்லைப் பார்ப்பவர்கள் அந்நூலையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.